கற்பிட்டிக் கோட்டையும் காரீயமும்

கோட்டைகளின் வரலாற்றை எழுதுவோர் மதில்களையும் பீரங்கிகளையும் தளபதிகளையும் பெரிதும் பேசுவர். துவக்கின் வாயினின்று புறப்படும் சிறு ரவை எவ்வுலோகத்தால் ஆயது, அவ்வுலோகம் எங்கிருந்து வந்தது என்று வினவுவோர் சிலரே. ஈழத்தைப் பொறுத்தவரை இவ்வினா சிறியதன்று. மேற்குக் கரையிலே புத்தளக் கடனீரேரியின் வாயிலைக் காத்து நிற்கும் கற்பிட்டிக் கோட்டையின் பொருளை உணர்தற்கு அது ஒரு திறவுகோலாகும்.

ரவைக்கு உரியது காரீயம். கலங்களுக்குப் பூசும் வெள்ளீயம் வேறு. காரீயம் 327 பாகை செல்சியசில் உருகும். அதற்கு விறகடுப்பின் வெம்மையே போதும். தூய இரும்பு உருக 1,538 பாகை வேண்டும்; சிற்றூர்க் கொல்லன் உலையிலே அஃது எளிதில் நீராகாது, அடித்தே உருவாக்கப்படும். அன்றியும், ஒரே பருமனுள்ள இரும்பினும் காரீயம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பாரமுடையது. மென்மையுடைமையால் துவக்கின் குழலைக் கெடுப்பதுமில்லை. ஒரு சட்டியும் அகப்பையும் அச்சும் கிடைப்பின், போர்வீரன் தன் பாசறையிலேயே ரவை வார்த்துக்கொள்ளலாம்.

போர்த்துக்கேயர் 1505 ஆம் ஆண்டில் இலங்கையை அடைந்தபின் துவக்கு இந்நாட்டுப் போர்முறையில் இடம்பெற்றது. 'துவக்கு' என்னும் சொல்லே துருக்கி மொழியிலிருந்து வந்ததென்பர். சிங்களக் கம்மியர் அக்கருவியைச் செய்யும் தொழிலில் விரைவிலே தேர்ச்சி பெற்றனர். மரக்கால்களில் நிறுத்திச் சுடும் 'கொடித்துவக்கு' கண்டிப் படைகளுக்குச் சிறப்பாக உரியதாயிற்று. வெடிமருந்தையும் அவர்கள் தாமே ஆக்கினர். வௌவால் வாழும் மலைக்குகைகளின் மண்ணிலிருந்து வெடியுப்பு எடுக்கப்பட்டதை யோன் டேவி என்னும் மருத்துவர் 1821 இல் வெளியிட்ட நூலில் விரித்துரைக்கின்றார். கரி காட்டிலே கிடைத்தது. இரும்பு நாட்டிலே விளைந்தது. ஆயின் காரீயம் அகழும் சுரங்கம் இத்தீவில் இல்லை. ஆகவே துவக்கும் மருந்தும் உள்நாட்டினவாயினும், ரவைக்கு வேண்டிய உலோகம் முதற்கண் கடல்வழியே வந்திருத்தல் வேண்டும் எனக் கொள்ளுதல் பொருந்தும்.

அக்கடல்வழியின் ஒரு கதவு கற்பிட்டி. மேற்கே கடலும் கிழக்கே கடனீரேரியும் சூழ்ந்த நீண்ட நிலக்கூற்றின் வடபாகத்தில் அவ்வூர் அமைந்துள்ளது. கடலிலிருந்து புத்தளத்துக்குச் செல்லும் தோணிகள் அதனைக் கடந்தே ஏரியினுட் செல்லும். புத்தளமோ கண்டி இராச்சியத்துக்கு உப்பும் மீனும் அளித்த துறை. கண்டியிற் சிறையிருந்து 1679 இல் தப்பிய உரொபேட்டு நொக்சு இதனைக் குறித்துள்ளார். ஒல்லாந்தர் 1659 இல் கற்பிட்டியைக் கைப்பற்றி, 1667 முதல் 1676 வரை அங்கே கோட்டை எழுப்பினர். கண்டியரசனின் வாணிகத்தைத் தம் கைக்குள் அடக்குவதே அவர்தம் நோக்கம். பவளக்கல்லும் சுண்ணக்கல்லும் கொண்டு கட்டிய அம்மதில், எதிரியின் படையைத் தடுப்பதினும் எதிரிக்குச் செல்லும் பண்டத்தைத் தடுப்பதற்கே பெரிதும் பயன்பட்டது எனலாம்.

ஒல்லாந்தருக்கோ காரீயத்துக்குக் குறைவில்லை. அவர்தம் கிழக்கிந்தியக் கும்பனியின் கப்பல்கள் ஐரோப்பாவிலிருந்து அதனைப் பாளம் பாளமாகக் கொணர்ந்தன. பத்தேவியாவுக்குப் புறப்பட்டு 1664 இல் சேத்திலாந்துத் தீவருகே உடைந்த 'கென்னமர்லாந்து' என்னும் கப்பலின் சிதைவிலிருந்து அத்தகைய பாளங்கள் எடுக்கப்பட்டுள்ளன. 1766 ஆம் ஆண்டு உடன்படிக்கையால் இலங்கையின் கரை முழுவதும் ஒல்லாந்தர்வசமாயிற்று. சிலாபம், புத்தளம் முதலிய இடங்களில் உப்பு எடுக்கும் உரிமை கண்டிக் குடிகளுக்கு விடப்பட்டது. கடலோ அரசனுக்கு அடைபட்டது.

எனினும் வாயிலை அடைத்தவுடன் காரீயம் அற்றுப்போவதில்லை. ஒருமுறை நாட்டினுட் புகுந்த காரீயம் அழியாது. பழையதை உருக்கிப் புதியது செய்யலாம். உலக வரலாற்றில் இதற்குச் சான்றுகள் பல. இங்கிலாந்தில் எட்டாம் என்றி மன்னன் மடங்களைக் கலைத்தபோது அவற்றின் கூரைக் காரீயம் உரித்தெடுத்து உருக்கப்பட்டது. அமெரிக்கர் 1776 இல் நியூயோர்க்கிலிருந்த மூன்றாம் யோர்ச்சு மன்னனின் காரீயச் சிலையை வீழ்த்தி நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்ட ரவைகளை வார்த்தனர். மன்னனின் உருவமே மன்னனின் படைமேற் பாய்ந்தது. கண்டியிலும் பகைவரின் பண்டசாலையே ஒரு சுரங்கமாயிற்று. 1803 இல் மேசர் டேவியின் படை அந்நகரிற் பணிந்தபோது ஆங்கிலேயரின் போர்ச்சேமிப்பு கண்டியர் கைக்கு வந்தது.

இவ்வியல்பே வரலாற்றாசிரியனுக்கு இடராகவும் அமைகின்றது. வாளும் பீரங்கியும் தம் உருவிலே எஞ்சும். காரீயமோ உருகுந்தோறும் தன் பழமையை இழக்கும். காரீயத்தின் சமதானிகளை அளந்து அது பிறந்த சுரங்கத்தை உய்த்தறியும் முறை இக்காலத்தில் உண்டு. ஆனால் பல நாட்டுக் காரீயம் ஒரே சட்டியிற் கலந்துவிடின் அம்முறையும் தெளிவான விடை தராது. ஆதலின் கோட்டைகளில் அகழ்ந்தெடுக்கும் ரவையொன்றைக் கண்டவுடன் இஃது இன்னாருடையது என முடிவுசெய்தல் தகாது. எய்தவன் ஒருவன், வார்த்தவன் வேறொருவன், உலோகத்தை முதலிற் கொணர்ந்தவன் மற்றொருவனாக இருத்தல் கூடும்.

ஆங்கிலேயர் 1795 இல் கற்பிட்டியைக் கைக்கொண்டனர். இருபது ஆண்டுகளில், 1815 இல், கண்டியும் அவர்வசமாயிற்று. அவ்வீழ்ச்சிக்கு உட்பகை முதலிய காரணங்கள் பல. காரீயமின்மையே காரணம் என்பது மிகையாகும். ஆயினும் கம்மியரின் திறனும் மக்களின் வீரமும் நிறைந்த ஓர் அரசு, தன் துறைமுகங்களை இழந்தபின் தன் துவக்குக்கு வேண்டிய உலோகத்தைப் பகைவனிடமிருந்தே பெறவேண்டிய நிலையை அடைந்தது. கடனீரேரியை நோக்கி நிற்கும் கற்பிட்டி மதில் உணர்த்தும் பாடம் இதுவே.