கூர்ப்பு மரமும் நடத்தையின் வரலாறும்

விலங்குகளின் நடத்தையை மாற்றமற்ற இயல்பூக்கம் எனக் கொள்வது வரலாற்றை மறுக்கும் நோக்காகும். எலும்பைப் போன்றே நடத்தைக்கும் வரலாறு உண்டென்னும் கருத்து 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே உருப்பெற்றுவிட்டது. மெய்ப்பாடுகள் பற்றி டார்வின் 1872இல் வெளியிட்ட நூல் இதற்கு அடித்தளமிட்டது. இயல்பூக்கங்களையும் உடலமைப்பையும் வழித்தோன்றல் என்னும் ஒரே நோக்கில் ஆராயவேண்டுமென அமெரிக்க விலங்கியலாளர் சார்ள்ஸ் விற்மன் 1898இல் வற்புறுத்தினார். ஜேர்மனியரான ஒஸ்கார் ஹைன்றொத் 1910இல் வாத்தினங்களைக் கொண்டு இதனை விளக்கினார்.

இம்மரபில் ஒஸ்ரியரான கொன்ராட் லோரன்ஸ் 1941இல் வெளியிட்ட வாத்துக்கள் பற்றிய ஆய்வு முதன்மையானது. தலையையும் வாலையும் ஒருங்கே உயர்த்தல், இறகு கோதுவதுபோற் பாவனை செய்தல் முதலிய ஆண் வாத்துக்களின் அசைவுகளை அவர் தனித்தனிப் பண்புகளாக ஒப்பிட்டார். அவரது வரைபடத்தில் இனங்கள் நெடுங்கோடுகளாகவும், பொதுப்பண்புகள் அவற்றை ஊடறுக்கும் கிடைக்கோடுகளாகவும் அமைந்தன. எது முந்தியது, எது பிந்தியது என்னும் வினா இவ்வாறு ஆய்வுக்குரியதாயிற்று.

ஆயினும், நடத்தையைக் கொண்டே மரத்தை வரைந்து, அம்மரத்தைக் கொண்டே நடத்தையை விளக்கும் இடர்ப்பாடு எஞ்சியிருந்தது. புதிதாகத் தோன்றிப் பகிரப்படும் பண்புகளே உறவுக்குச் சான்றாகும் என வில்லி ஹெனிக் 1950இல் வகுத்த நெறி மரம் வரைதலை ஒழுங்குபடுத்தியது. பின்னர் மரபணுச் சான்றுகள் நடத்தையைச் சாராத மரங்களைத் தந்தன. 1985இல் ஜோசப் ஃபெல்சென்ஸ்ரைன் மற்றுமோர் உண்மையை நிறுவினார். நெருங்கிய உறவுடைய பத்து இனங்களில் ஒரே நடத்தை காணப்படின், அது பத்துச் சான்றுகளாகாது. பொது மூதாதையில் ஒருமுறை தோன்றியதாயின் அது ஒரு சான்றே.

இத்தகைய கண்டிப்பின் சமூக முக்கியத்துவத்தை லோரன்ஸின் எழுத்துக்களே உணர்த்துகின்றன. 1938இல் நாசிக் கட்சியிற் சேர்ந்த அவர், 1940இல் வீட்டு விலங்குகளின் 'சீரழிவை' நாகரிக மனிதர்மீது ஏற்றி, இனத்தூய்மைக் கொள்கைக்கு விஞ்ஞானப் போர்வை அளித்தார். வாத்துக்களை ஒப்பிடுகையிற் கடைப்பிடித்த நிதானம் அங்கு இல்லை. மரத்தின் இடத்தை உவமை பிடித்துக்கொண்டது. அதே காலத்தில், யூதப் பேராசிரியர்கள் நீக்கப்பட்டதை எதிர்த்த நெதர்லாந்தரான நிக்கோ ரின்பேர்கன், 1942 முதல் 1944 வரை ஜேர்மனியரின் தடுப்பு முகாமில் இருந்தார். 1973இல் கார்ல் வொன் ஃபிறிஷ்ஷுடன் இவ்விருவரும் நொபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

ஆய்வுமுறை தன்னளவில் முற்போக்கானதன்று. விலங்கைக் காட்டிப் போரையும் ஏற்றத்தாழ்வையும் 'இயற்கை' என நியாயப்படுத்துவோரிடம், அந்த ஒப்புமை எந்த மரத்தில், எத்தனை தடவை தோன்றியதென நாம் கேட்கவேண்டும். உழைப்பாலும் உற்பத்தி உறவுகளாலும் மாறிவரும் மனித நடத்தைக்கு வேறொரு வரலாறும் உண்டு. அதனைக் கூர்ப்பு மரத்தின் கிளைகளில் மட்டும் தேடவியலாது.