நியர், ஆல்ஃபிரட்

ஆல்ஃபிரட் ஓட்டோ கார்ல் நியர் (28 மே 1911 – 16 மே 1994): அமெரிக்க இயற்பியலாளர். நிறை நிறமாலைமானியை வேதியியலாரும் புவியியலாரும் அன்றாடம் புழங்கும் கருவியாக்கியவர். மின்னசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில், ஜெர்மனியிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தார். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படித்துவிட்டு இயற்பியலுக்கு வந்தவர். அந்தப் பொறியாளர் கை அவர் செய்த கருவிகளிலெல்லாம் தெரியும். மாணவராக இருந்தபோதே, 1935இல், பொட்டாசியம்-40ஐக் கண்டறிந்தார்.

முனைவர் பட்டத்துக்குப் பின் 1936 முதல் 1938 வரை ஹார்வர்டில் ஈயம், யுரேனியம் ஆகியவற்றின் ஐசோடோப்புகளை அளந்தார். இடத்துக்கு இடம் ஈயத் தாதுவின் ஐசோடோப்பு விகிதம் மாறுவதை அவர் அளவீடுகள் காட்டின. அவற்றைக் கொண்டே புவியியலாளர் ஆர்தர் ஹோம்ஸ் 1946இல் பூமியின் வயதைக் கணக்கிட்டார்.

அன்றைய நிறை நிறமாலைமானிகளில் அயனிகள் அரைவட்டமாக, 180 பாகை வளைந்தன. அயனி மூலம், குழாய், சேகரிப்பான் மூன்றும் காந்தப்புலத்துக்குள்ளேயே இருந்தாக வேண்டும். அதனால் மின்காந்தம் டன் கணக்கில் எடை கொண்டது. 1940இல் நியர் 60 பாகை ஆப்பு வடிவக் காந்தத்தை அமைத்தார். அயனிகள் வளையும் இடத்தில் மட்டும் புலம் இருந்தால் போதும் என்றானது. மூலமும் சேகரிப்பானும் வெளியே வந்தன. காந்தம் சிறுத்தது, செலவும் குறைந்தது. கோட்பாடு புதிதல்ல. அதை உழைக்கும் கருவியாக்கியதுதான் அவர் சாதனை.

அதே ஆண்டு பிப்ரவரி 29 அன்று, தாம் பிரித்தெடுத்த யுரேனியத் துணுக்குகளைக் கடிதத்தில் ஒட்டி, கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஜான் டன்னிங்குக்குத் தபாலில் அனுப்பினார். கண்ணுக்கே தெரியாத அந்தச் சிறு அளவே போதுமானதாயிற்று: மெதுவான நியூட்ரான்களால் பிளவுறுவது யுரேனியம்-235 என்று உறுதியானது. போர்க்காலத்தில் யுரேனியச் செறிவூட்டல் ஆலைக்காக ஹீலியம் கசிவுகாட்டியையும் உருவாக்கினார்.

போருக்குப் பின் இரட்டைச் சேகரிப்பான் முறையைக் கொண்டுவந்தார். இரண்டு ஐசோடோப்புகளின் மின்னோட்டங்களையும் ஒரே நேரத்தில் ஒப்பிடுவதால், மூலத்தின் ஏற்ற இறக்கம் விகிதத்தைக் கெடுக்காது. 1953இல் எட்கர் ஜான்சனுடன் சேர்ந்து வெளியிட்ட நியர்–ஜான்சன் அமைப்பில், அயனிகள் முதலில் 90 பாகை மின்புலத்தையும் பிறகு காந்தப்புலத்தையும் கடக்கும். திசையில் சிறிது விலகியவையும் ஆற்றலில் சிறிது வேறுபட்டவையும் ஒரே புள்ளியில் குவியும். உயர்பிரிதிறன் கருவிகள் பலவற்றுக்கு இதுவே முன்மாதிரியானது. அணு நிறைக்குக் கார்பன்-12ஐ அடிப்படையாக்கலாம் என 1957இல் இயற்பியலாளர் ஜோசப் மட்டாவுக்கிடம் யோசனை கூறியவரும் நியரே.

காந்தத்தைச் சிறிதாக்கத் தொடங்கியவரின் கருவிகள் 1976இல் வைக்கிங் விண்கலங்களில் செவ்வாயை அடைந்தன. இறங்கும் வழியில் மேல் வளிமண்டலத்தை அளந்த அவை, அங்குள்ள நைட்ரஜனில் கனமான நைட்ரஜன்-15இன் பங்கு பூமியில் உள்ளதைவிடக் கூடுதல் என்று காட்டின; இலகுவானது பெருமளவு விண்வெளிக்குத் தப்பிப்போயிருக்கிறது.