சுறாவின் புலன்களும் நீள்தூண்டிலும்

சுறா, குருத்தெலும்பு மீன் வகுப்பைச் சேர்ந்தது. திருக்கை, உழுவை, வேளா ஆகியவை அதன் நெருங்கிய உறவினங்கள். உலகக் கடல்களில் 500-க்கும் மேற்பட்ட சுறா இனங்கள் உள்ளன. அடிபட்டுத் துடிக்கும் இரையைத் தேடிப் பிடிப்பதில் தேர்ந்தவை இவற்றில் பல. அந்தத் தேர்ச்சியே இன்று அவற்றைத் தூண்டில் முள்ளில் கொண்டுபோய் மாட்டுகிறது.

புலன்கள்

ஒரு துளி ரத்தத்தைப் பல மைலுக்கு அப்பாலிருந்தே சுறா முகர்ந்துவிடும் என்பது மிகைக்கதை. நீரோட்டம் கொண்டுவந்து சேர்த்தால்தான் எந்த மணமும் அதற்குத் தெரியும். ஆனால் வந்த மணத்தை அது கையாளும் விதம் நுட்பமானது. எந்த மூக்குத் துளையை மணம் முதலில் எட்டுகிறதோ அந்தப் பக்கம் திரும்புகிறது. இரண்டுக்கும் நடுவே அரை நொடிகூட இல்லாத இடைவெளியையும் அது பிரித்தறிவது 2010-இல் வெளியான ஆய்வு ஒன்றில் தெரியவந்தது.

காது தாழ்ந்த அதிர்வெண் ஒலிகளுக்கே கூர்மையானது. சீரற்று விட்டுவிட்டு வரும் ஒலி, அதாவது காயம்பட்ட மீனின் துடிப்பு போன்றது, அதனைச் சட்டென ஈர்க்கும். விலாவில் ஓடும் பக்கக்கோட்டு உறுப்பு அருகிலுள்ள நீரசைவை உணர்கிறது. விழித்திரைக்குப் பின்னுள்ள ஒளிதிருப்பும் படலம் மங்கிய வெளிச்சத்திலும் பார்க்க உதவுகிறது.

இவை எல்லாவற்றிலும் விந்தையானது மின்புலன். சுறாவின் மூக்கைச் சுற்றிக் கரும்புள்ளிகளாகத் தெரியும் துளைகளை 1678-இல் இத்தாலியரான ஸ்தெஃபானோ லொரென்சினி விவரித்தார். கூழ் நிறைந்த அந்தக் குழல்கள் எதற்கு என்பது தெளிவாக ஏறக்குறைய 300 ஆண்டுகள் ஆயின. 1971-இல் ஆய்வாளர் கால்மெய்ன் செய்த சோதனை இன்றும் படிக்கச் சுவையானது. மணலுக்கடியில், கடற்பாசிக் கூழால் செய்த கூண்டுக்குள், ஒரு தட்டை மீனை மறைத்து வைத்தார். கூழ் மணத்தைத் தடுக்கும், மின்சாரத்தைத் தடுக்காது. சிறு சுறா நேராக வந்து அந்த இடத்தைத் தோண்டியது. கூண்டின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போர்த்தியதும் கவனிக்காமல் கடந்து போனது. மீனே இல்லாமல் மின்முனைகளை மட்டும் புதைத்தபோதோ அவற்றையே கடித்தது. எந்த உயிரின் உடலிலும் கசியும் மெல்லிய மின்புலத்தைத்தான் அது தேடியிருக்கிறது. இந்த உணர்வு எட்டும் தொலைவு குறைவு. கடைசி ஒரு முழத்தில்தான் வேலை செய்யும்.

மீன்பிடியோடு மோதல்

மிக நீண்ட தாய்க்கயிற்றில் நூற்றுக்கணக்கான முள்களைத் தொங்கவிடும் நீள்தூண்டில், சூரையும் கேரையும் பிடிக்கக் கடலில் இறக்கப்படுகிறது. மாட்டிய கேரை துடிக்கிறது. இரையின் மணம் நீரோட்டத்தில் பரவுகிறது. சுறாவை வரவழைக்க இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டைத் திட்டமிட்டும் செய்ய முடியாது. கயிற்றை இழுக்கும்போது சில முள்களில் மீனின் தலை மட்டும் வருகிறது. அடுத்த முள்ளில் சுறாவே கிடக்கிறது. படகின் எஞ்சின் ஓசையைக் கேட்டுச் சுறா கூடுகிறது என்று மீனவர்கள் பல நாடுகளிலும் சொல்வதில் நம்ப முடியாதது எதுவுமில்லை. மீனவருக்கு இது அன்றைய வருமானத்தில் விழும் அடி. சுறாவைத் திருடன் என்பதும் அதனால்தான்.

இழப்பின் கணக்கில் சுறாவின் பக்கம்தான் கனமானது. 1970-க்கும் 2018-க்கும் இடையில் திறந்த பெருங்கடலில் வாழும் சுறா, திருக்கை இனங்களின் எண்ணிக்கை 71 விழுக்காடு சரிந்ததாக 2021-இல் ஓர் ஆய்வு கணித்தது. மீண்டெழும் வேகமும் குறைவு. முள் நாய்ச்சுறா ஏறத்தாழ 2 ஆண்டுகள் சினை சுமக்கிறது.

எல்லாச் சுறாவும் தவறிச் சிக்குவதில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர் வட்டார மீனவர்கள் அரபிக்கடலின் ஆழத்துக்குப் போய்த் தூண்டிலில் சுறா பிடிப்பதில் பெயர்பெற்றவர்கள். 2001-இல் இந்திய அரசு எல்லாச் சுறா, திருக்கை இனங்களையும் பிடிக்கத் தடை விதித்தது. எதிர்ப்பு எழவே, அதே ஆண்டு இறுதியில் தடையை 10 இனங்களோடு நிறுத்திக்கொண்டது. திமிங்கலச் சுறா, வேளா வகைகள் ஆகியவற்றோடு புதுச்சேரியின் பெயர் தாங்கிய சுறாவும் அப்பட்டியலில் இடம்பெற்றது. துடுப்பை மட்டும் அறுத்துக்கொண்டு உடலைக் கடலில் எறியும் வழக்கத்துக்கு 2013-இலும், துடுப்பு ஏற்றுமதிக்கு 2015-இலும் தடை வந்தது.

தணிக்கும் வழிகள்

தூண்டிலின் முனையில் இரும்புக் கம்பிக்குப் பதில் தங்கூசி நரம்பைக் கட்டினால் சுறா அதைக் கடித்து அறுத்துக்கொண்டு போய்விடும். வட்ட முள் தொண்டைக்குள் இறங்காமல் பெரும்பாலும் வாயோரத்தில் மாட்டும். இரண்டும் சிக்கிய பிறகு உதவும் வழிகள்.

சிக்காமலே தடுக்க மின்புலனைப் பயன்படுத்தும் முயற்சி புதியது. முள்ளருகே தொங்கும் சிறு கருவி மின்துடிப்புகளை வெளியிட்டு, நெருங்கும் சுறாவின் மின்புலனைத் திணறடிக்கிறது. பிரான்சின் தென்கடலில் 2021-இல் நடந்த சோதனையில் நீலச் சுறா சிக்குவது 91 விழுக்காடு குறைந்தது. சோதனை சிறியது, நூற்றுக்கணக்கான முள்களில் ஒவ்வொன்றுக்கும் பேட்டரிக் கருவி மாட்டுவது சிறு படகுக்காரருக்குக் கட்டுபடியாகுமா என்பது வேறு கேள்வி.

கொம்பன் சுறாவின் நிலை தனி. முள்ளில் மாட்டிய கொஞ்ச நேரத்திலேயே போராடிக் களைத்து இறந்துவிடுவதால், பிடித்ததைக் கடலில் விட்டுவிட வேண்டும் என்ற விதி அதைப் பெரிதாகக் காப்பதில்லை. கயிறு நீரில் கிடக்கும் நேரத்தைக் குறைப்பதும், அது கூடும் இடங்களில் தூண்டில் போடாமல் இருப்பதுமே அதற்குப் பயன் தரும்.