தொகையும் தனிக்காசும்

சங்கப் பாடல்கள் நம் கைக்கு வந்து சேர்ந்தமைக்குப் பாடியோர்க்கு மட்டுமன்றித் தொகுத்தோர்க்கும் நாம் கடன்பட்டுள்ளோம். பாட்டின் அடியில் திணையும் துறையும், பாடியவர் பெயரும் பாடப்பட்டவர் பெயரும் குறித்து வைத்த மரபு இல்லாதிருப்பின், புறநானூற்றின் பல பாடல்கள் இன்று ஊரும் பேருமற்று நிற்கும். மண்ணுக்குள்ளும் இத்தகைய தொகைகள் உண்டு. ஒரு பானையில் இட்டுப் புதைத்த காசுகள் எந்த ஊரில், எத்தனை எண்ணிக்கையில், எவற்றோடு சேர்ந்து கிடைத்தன என்னும் செய்தியே அத்தொகையின் அடிக்குறிப்பு. உரோமானிய வெள்ளிக் காசுகளைக் குவியலாக வாங்கிப் பிரித்து விற்கும் வணிகம் அந்த அடிக்குறிப்பை என்ன செய்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

உரோமின் வெள்ளிக் காசுக்குத் தினாரியஸ் என்று பெயர். கி.மு. 211-ஐ ஒட்டித் தோன்றிய அக்காசு, கடல் கடந்தபோது தானே ஒரு வாணிபச் சரக்காகவும் ஆயிற்று. முதல் நூற்றாண்டில் எழுந்த 'எரித்திரேயக் கடலின் பெரிப்ளூஸ்' என்னும் கிரேக்க நூல், இன்றைய பரூச் ஆகிய பரிகாசாத் துறைமுகத்தில் உரோமானியப் பொன், வெள்ளிக் காசுகளை உள்நாட்டுக் காசுகளுக்கு மாற்றினால் ஆதாயம் கிடைத்தது என்று குறிக்கிறது. ஆகவே காசைக் கொடுத்துக் காசு வாங்கி இலாபம் காணும் தொழில் நேற்றுப் பிறந்ததன்று. இலங்கை மன்னன் ஒருவன், வெவ்வேறு பேரரசர் முகம் பொறித்த தினாரியஸ்கள் யாவும் ஒரே எடையாக இருக்கக் கண்டு உரோமானியரின் நேர்மையை வியந்தான் என்று பிளினி எழுதுகிறார். கதையோ மெய்யோ, கீழைக் கடற்கரையில் அக்காசு பெற்ற மதிப்பு அதன் எடையையும் தூய்மையையும் சார்ந்திருந்தது என்பதை இச்செய்தி உணர்த்துகிறது.

கொங்கு நாட்டுப் புதையல்கள் இதற்குச் சான்று பகர்கின்றன. கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842-இல் 500-க்கு மேற்பட்ட தினாரியஸ்கள் கிடைத்தன. உடுமலைப்பேட்டைக்கு அருகிலுள்ள பூதிநத்தத்தில் 1946-இல் ஏறத்தாழ 1,400 கிடைத்தன. இவற்றில் மிகப் பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகிய இருவர் வெளியிட்டவை. அவற்றுள்ளும் இரண்டு வகைகளே மிகுதி. கேடயமும் வேலும் கொண்டு நிற்கும் கேயஸ், லூசியஸ் என்னும் இளவரசர் இருவரைக் காட்டும் அகஸ்டஸ் காசு ஒன்று. அமர்ந்த பெண்ணுருவைக் காட்டும் டைபீரியஸ் காசு மற்றொன்று. இரண்டும் இன்றைய பிரான்சின் லியோன் நகரிலிருந்த அக்கசாலையில் அடிக்கப்பெற்றவை.

உரோமில் வழங்கிய எத்தனையோ வகைகளுள் இவ்விரண்டு மட்டும் இங்கே இத்துணை மிகுந்தமைக்குக் காரணம் யாது? கி.பி. 64-இல் நீரோ மன்னன் தினாரியஸின் எடையையும் தூய்மையையும் குறைத்தான். அதன்பின் வணிகர் பழைய நல்ல வெள்ளியைத் தேர்ந்து திரட்டி அனுப்பினர் என்பர் ஒரு சாரார். அவை டைபீரியஸ் காலத்திலேயே வந்துவிட்டன என்பர் மற்றொரு சாரார். முடிவு எதுவாயினும், வினா எழுந்ததே தொகையால்தான். பூதிநத்தத்துக் காசுகளுள் ஒன்றைத் தனியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு இவ்வினாவை எழுப்பவும் முடியாது.

தொகை முழுமையாக எண்ணப்பெற்றால் என்ன நிகழும் என்பதற்குப் பல்கேரியாவின் ரெகா தேவ்னியா நல்ல எடுத்துக்காட்டு. 1929-இல் அங்கே 1,00,000-க்கு மேற்பட்ட வெள்ளிக் காசுகள் வெளிப்பட்டன. ஒரு பகுதி பலர் கைகளில் சிதறிப்போயினும், அருங்காட்சியகங்களைச் சேர்ந்த 81,044 காசுகளுக்கு நிகோலா முஷ்மோவ் 1934-இல் பட்டியல் வெளியிட்டார். எந்தப் பேரரசர் காலத்தில், எந்தப் பேரரசியின் பெயரில், எவ்வகைக் காசு எந்த அளவில் வெளிவந்தது என்று அறிய முனைவோர் இன்றும் அப்பட்டியலையே நாடுகின்றனர். அத்தொகையில் தேய்ந்துபோன காசுக்கும் ஓர் இடம் உண்டு. அதுவும் எண்ணிக்கையில் ஒன்று.

சந்தையின் கணக்கோ வேறு. 1990-களில் பால்கன் நாடுகளிலிருந்து காசுகள் கிலோ கணக்கில் மேற்கே சென்றன. வணிகர் ஒரு 'லாட்' வாங்கியதும் முதலில் தரம் பிரிப்பார். முகம் தெளிந்தவை தனித்தனியே விற்பனையாகும். நடுத்தரமானவை சிறு சிறு கூறுகளாகப் போகும். தேய்ந்தவையும் உடைந்தவையும் மீண்டும் குவியலாகி அடுத்த சிறு வணிகரைச் சேரும். கி.பி. 69-இல் மூன்று மாதமே ஆண்ட ஓத்தோவின் காசு அருமை கருதி உயர்விலை பெறும். கொங்கு நாட்டில் குவியலாய்க் கிடைத்த டைபீரியஸ் காசு வகையோ, ஏசுநாதர் கையில் ஏந்திக் காட்டிய வரிக்காசு இதுவே என்னும் நம்பிக்கையால் மேலைநாட்டுச் சந்தையில் தனி மதிப்புப் பெறும். கைமாறுந்தோறும் விலை ஏறும். கிடைத்த ஊரின் பெயர் தேயும். மூன்றாம் கைக்கு வருமுன் அடிக்குறிப்பு முற்றும் அழிந்திருக்கும்.

எனினும் காசு வாங்குவோர் அனைவரையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது நேர்மையாகாது. கரூர் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த காசுகள் பல உருக்குக் கலத்துக்குப் போகாமல் தப்பியது, விலை கொடுத்து வாங்கியோர் இருந்தமையால்தான். தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி அவ்வாறு திரட்டி, ஆராய்ந்து, நூலாக்கினார். மாக்கோதை என்னும் பெயரும் உரோமானியச் சாயலுள்ள முகமும் பொறித்த சேரர் வெள்ளிக் காசை நாம் அறிந்தது அத்தகைய முயற்சியின் பயனே. வாங்கியவர் கிடைத்த இடத்தைக் கேட்டு எழுதிவைத்தால் வணிகமும் ஓரளவு வரலாற்றுக்கு உதவும். கேளாமல் வாங்குவதே கேடு.

தோண்டுவதை உரிய வேளையில் நிறுத்துவதும் ஓர் அறிவு. 2010-இல் இங்கிலாந்தின் ஃபுரோம் அருகே ஒரு பானையைக் கண்டவர், தாமே தோண்டி எடுக்காமல் தொல்லியலாரை அழைத்தார். அவர்கள் அடுக்கடுக்காக எடுத்து எண்ணியபோது 52,503 காசுகள் இருந்தன. காலத்தால் பிந்திய காராசியஸின் காசுகள் மேலே இல்லாமல் பெரும்பாலும் பானையின் நடுவுக்குக் கீழே கிடந்தன. ஆதலின் அது நாள்தோறும் சிறுகச் சிறுகப் போட்டு நிரப்பிய சேமிப்பன்று என்பது புலனாயிற்று. மூட்டையில் கொட்டிக் கொண்டுபோயிருந்தால் இவ்வுண்மை அன்றே மறைந்திருக்கும்.

அந்நாட்டின் 1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம், ஒரே இடத்தில் கிடைத்த பழம் வெள்ளிக் காசு இரண்டாயினும் அதைப் புதையலாகக் கொள்கிறது; தனிக்காசு பொதுவாக அதில் அடங்காது. இரண்டு சேர்ந்தால் தொகை என்னும் நுட்பம் சட்டத்துக்கும் தெரிந்திருக்கிறது. நம் நாட்டில் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலை அரசுக்கு அறிவிக்கக் கட்டளையிடுகிறது. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்புவதைத் தடுக்கிறது. ஆனால் ஏர்முனையில் பானை தட்டுப்படும் கணத்தில் சட்டம் அருகில் நிற்பதில்லை. அங்கே நிற்பவர் உழவரும் அவர்தம் அண்டை அயலாருமே. நம் வட்டத்து உறுப்பினர் பலரும் அத்தகைய ஊர்களிலிருந்து வந்தவர்கள். 'எடுக்குமுன் எண்ணுங்கள், பிரிக்குமுன் எழுதுங்கள்' என்னும் செய்தியை அங்கே கொண்டு சேர்க்க எழுத்தாளரைவிடத் தகுந்தவர் யாவர்?

புறநானூற்றின் 267, 268-ஆம் பாடல்கள் இன்று நம்மிடம் இல்லை. எனினும் அவை இல்லை என்பதை நாம் அறிவோம். தொகைக்கு எண் இருந்தமையால் இழப்புக்கும் எண் இருக்கிறது. எண்ணாமல் பிரித்து விற்ற பானைக்கு அந்த எண்ணும் இல்லை. அதில் எதை இழந்தோம் என்று சொல்லி வருந்தவும் நமக்கு வழியில்லை.