பயணியர் எண்ணிக்கையும் இருப்புப்பாதை வருவாயும்: சத்தியவேட்டை முன்வைத்து

இருப்புப்பாதை வரலாற்றை எழுதியோர் பாதை சென்ற ஊர்களையே பெரிதும் எழுதினர். பாதை செல்லாத ஊரும் அவ்வரலாற்றிற்குச் சான்றாதல் கூடும். சத்தியவேடு அத்தகையதோர் ஊர். கிழக்கே சென்னை – கூடூர்ப் பாதையும் மேற்கே அரக்கோணம் – ரேணிகுண்டாப் பாதையும் செல்ல, இடைப்பட்ட இவ்வூரில் நிலையம் இல்லை. தொடர்வண்டி ஏற விரும்புவோர் தடாவிற்கோ புத்தூருக்கோ சாலை வழியே செல்லவேண்டும்.

இந்தியாவில் பாதை அமைப்பது குறித்து 1845இல் கிழக்கிந்தியக் கும்பினியின் இயக்குநர் அவை விடுத்த மடல் ஈண்டு நோக்கத்தக்கது. இந்நாட்டு மக்கள் வறியவர். பல பகுதிகளில் சிதறி வாழ்பவர். ஆதலின் வருவாய் சரக்கிலிருந்தே கிட்டும், பயணியரிடமிருந்து அன்று என்பது அதன் கருத்து. 1856 ஜூலை 1இல் இராயபுரம் – வாலாஜா ரோடு பாதை திறக்கப்பட்டது. இந்திய இருப்புப்பாதைகள் அனைத்திலும் மூன்றாம் வகுப்புப் பயணியரே மிகப் பெரும்பான்மையினராயினர். கூட்டத்தைப் பொறுத்தவரை கும்பினியின் கணிப்புப் பிழைத்தது. வருவாயைப் பொறுத்தவரை பிழைக்கவில்லை. சரக்கு ஈட்டியதே மிகுதி.

எனினும் இழப்பு முதலீட்டாளரைத் தாக்கவில்லை. மூலதனத்திற்கு ஆண்டுக்கு 5 விழுக்காடு வட்டியை அரசு உறுதியளித்திருந்தது. வருவாய் குறைந்தபோது எஞ்சியதை இந்திய வரிசெலுத்துவோர் ஈடுசெய்தனர். வண்டியே ஏறாத உழவரும் அதில் அடங்குவர்.

விடுதலைக்குப் பின்னரும் சரக்கு வருவாயே பயணியர் கட்டணத்தைத் தாங்கியது. பயணச் செலவில் சராசரியாக 57 விழுக்காடே கட்டணத்தால் மீள்கிறது என்னும் வாசகம் 2016இல் பயணச்சீட்டுகளில் அச்சிடப்பட்டது. 2017-18இல் 100 ரூபாய் ஈட்ட 98.44 ரூபாய் செலவானதாகத் தணிக்கைத்துறைத் தலைவர் அறிக்கை காட்டிற்று. இந்நிலையில் புதிய பாதைக்கு 14 விழுக்காடு ஆதாயம் வேண்டுமென்னும் அளவுகோல் நெடுங்காலம் வழங்கியது. சிற்றூர்ப் பகுதிகள் அதனை எட்டுவது அரிது.

சத்தியவேட்டிற்கு எல்லையும் இடையூறாயிற்று. படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1இல் நிலையமுள்ள திருத்தணி சென்னை மாநிலத்திற்கு வந்தது. அதுவரை செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்த, நிலையமில்லாத சத்தியவேடு ஆந்திரத்திற்குச் சென்றது. நிர்வாகத்தலைமை சித்தூராயிற்று, 2022இல் திருப்பதியாயிற்று. ஊத்துக்கோட்டை வழியாகச் சென்னையை நாடும் பழைய போக்கு மட்டும் மாறவில்லை.

2008இல் தொடங்கப்பெற்ற ஸ்ரீசிட்டி தொழில்நகரம் இவ்வட்டாரத்தில் போக்குவரவைப் பெருக்கியது. ஆயின் எண்ணும் முறையிலேயே ஒரு குறை உள்ளது. சூளூர்ப்பேட்டைப் புறநகர் வண்டியில் தடாவில் ஏறும் சத்தியவேட்டார் தடாவின் கணக்கில் சேர்வர். பேருந்தில் சென்னை செல்வோர் இருப்புப்பாதையின் எக்கணக்கிலும் சேரார். பயணியர் இல்லை என்பதால் பாதை இல்லையா, பாதை இல்லாமையால் பயணியர் எண்ணப்படவில்லையா என்னும் வினாவை நிலையப் புள்ளிவிவரம் கொண்டு தீர்க்க இயலாது. 2006-07இல் ஒப்புதல் பெற்று மெல்ல நகரும் திண்டிவனம் – நகரி புதிய பாதைத் திட்டமும் மேற்கே நகரியுடன் முடிவதாகவே வகுக்கப்பட்டுள்ளது.