எலி வளர்த்த கதை - அந்தியூர் முதல் குன்னூர் வரை

அந்தியூர் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஆடி மாதத்தில் நடக்கும் குருநாதசுவாமி கோயில் திருவிழாவும், அதையொட்டிக் கூடும் கால்நடைச் சந்தையும்தான். குதிரைகள், பர்கூர் மலை மாடுகள், ஆடுகள் என்று கூட்டம் அலைமோதும். விலங்குகளைப் பார்த்துப் பார்த்து வளர்ப்பதில் பேர்போன பகுதி அது. ஆனால் அங்கேயும் ஒரு விலங்குக்கு மட்டும் யாரும் தீனி வைப்பதில்லை, பொறிதான் வைப்பார்கள். அதுதான் எலி!

விதை நெல்லைத் தின்னும், மூட்டையைக் கடிக்கும், வரப்பில் வளை தோண்டும். விவசாயிக்கு அதன்மேல் கோபம் வருவது நியாயம்தான். ஆனால் கொங்கு நாட்டில் எலியின் மேல் இருந்தது வெறும் கோபம் மட்டுமல்ல, பயம். அந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு.

பிளேக் காலம்

1896-ல் பம்பாயில் பிளேக் பரவத் தொடங்கியது. சில ஆண்டுகளில் கோயம்புத்தூரையும் எட்டியது. 20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் அது அந்த நகரத்தைத் திரும்பத் திரும்பத் தாக்கியது. அந்தியூரும் அன்று கோவை மாவட்டத்தில்தான் இருந்தது (ஈரோடு தனி மாவட்டம் ஆனது 1979-ல்). இந்தியா முழுவதும் பிளேக்கால் இறந்தவர்கள் 1 கோடிக்கும் மேல்!

வீட்டுக்குள் எலி செத்து விழுந்தால் அதுவே எச்சரிக்கை. வீட்டைக் காலி செய்துவிட்டு ஊருக்கு வெளியே போய்த் தங்குவார்கள். கோவையில் இன்றும் 'பிளேக் மாரியம்மன்' என்ற பெயரிலேயே கோயில்கள் உள்ளன. ஒரு நோயின் ஆங்கிலப் பெயர் அம்மனின் பெயரோடு சேர்ந்துவிட்டது என்றால் மக்கள் எவ்வளவு பயந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

1898-ல் கராச்சியில் ஆராய்ச்சி செய்த பிரெஞ்சு மருத்துவர் பால் லூயி சிமோன், பிளேக்கை எலியிடமிருந்து மனிதனுக்குக் கொண்டுவருவது எலியின் உடம்பில் இருக்கும் தெள்ளுப்பூச்சி என்று கண்டுபிடித்தார். முதலில் பலர் நம்பவில்லை. பின்னர் 1905-ல் தொடங்கிய பிளேக் ஆணையத்தின் ஆய்வுகள் அதை உறுதிசெய்தன. எலியும் மனிதனைப் போலவே அந்த நோயில் சாகும் ஒரு உயிர்தான் என்பது தெளிவானது.

இன்னொரு விஷயமும் கவனிக்க வேண்டியது. இந்திய வீடுகளில் பிளேக் பரவியதில் பெரும்பங்கு கூரையிலும் பரணிலும் ஓடும் கருப்பு எலிக்கு. இன்று செல்லப்பிராணியாக வளர்க்கப்படும் வெள்ளை எலி அந்த இனமே அல்ல. அது பழுப்பு எலி என்ற வேறொரு இனத்தின் வழிவந்தது. ஒன்றின் பழி இன்னொன்றின் தலையில்!

எலியை முதலில் வளர்த்தவர்கள்

எலி வளர்ப்பு இன்றைய பேஷன் என்று நினைத்தால் தவறு. ஜப்பானின் ஒசாகாவில் 1775-லேயே எலி வளர்ப்பது எப்படி என்று ஒரு வழிகாட்டிப் புத்தகம் வெளிவந்திருக்கிறது.

இங்கிலாந்தில் கதை வேறு மாதிரி தொடங்கியது. 19-ஆம் நூற்றாண்டு லண்டனில் எலிகளைக் குழிக்குள் விட்டு, நாயை ஏவி, எத்தனை நிமிடத்தில் எத்தனை எலி சாகும் என்று பந்தயம் கட்டுவார்கள். அதற்கு எலி பிடித்துக் கொடுத்தவர்களில் ஜாக் பிளாக் என்பவர் விக்டோரியா அரசியின் எலிபிடிப்பவர் என்று தன்னைச் சொல்லிக்கொண்டவர். வித்தியாசமான நிறத்தில் எலி கிடைத்தால் அவர் அதைக் கொல்லாமல் வளர்த்து, குட்டி போடவைத்து, செல்லப்பிராணியாக விற்றார். எலியைக் கொல்வதே தொழிலாகக் கொண்டவர்தான் எலி வளர்ப்புக்கும் வழிகாட்டினார் என்பது ஆச்சரியம்தான். 1901-ல் மேரி டக்ளஸ் என்ற பெண்மணியின் முயற்சியால், சுண்டெலிகளுக்கு நடந்த கண்காட்சியில் எலிகளுக்கும் இடம் கிடைத்தது.

குன்னூரின் வெள்ளை எலிகள்

ஆராய்ச்சிக் கூடங்களுக்குப் போனதும் இதே வெள்ளை எலிதான். அதில் மிகப் புகழ்பெற்ற ஆராய்ச்சி ஒன்று நடந்த இடம் கொங்கு நாட்டுக்குப் பக்கத்திலேயே, மேட்டுப்பாளையத்துக்கு மேலே இருக்கும் குன்னூர்!

1918-ல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஒரே ஒரு அறையில் ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். அதுதான் வளர்ந்து, 1958-ல் ஐதராபாத்துக்கு இடம் மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

இந்தியாவின் பல பகுதி மக்கள் சாப்பிடும் சாப்பாட்டை மெக்கரிசன் தனித்தனிக் குழு எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி கொண்ட சீக்கியர் உணவைத் தின்ற எலிகள் நன்றாகக் கொழுகொழுவென்று வளர்ந்தன. கடைசி இடம் எந்த உணவுக்குத் தெரியுமா? தீட்டிய அரிசியை அதிகம் நம்பியிருந்த மெட்ராஸ் உணவுக்கு! கம்பும் ராகியும் சோளமும் தின்ற கொங்கு நாட்டுக் காடுகளை விட்டு வெள்ளை அரிசிச் சோற்றை உயர்வாக நினைத்தவர்களுக்கு அந்த எலிகள் சொன்ன பதில் அது.

வெள்ளைக்காரர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. வெள்ளை ரொட்டி, மார்கரின், ஜாம், சர்க்கரை போட்ட டீ, டப்பா இறைச்சி என்று இங்கிலாந்து ஏழைகளின் உணவை ஒரு குழுவுக்குக் கொடுத்தார். அவை சரியாக வளரவில்லை. 60-ஆம் நாள் வாக்கில் பலவீனமான எலிகளை மற்றவை கொன்று தின்னத் தொடங்கிவிட்டன.

இதைவிட முக்கியமானது, ஆய்வுக்காக அவர் வளர்த்துவந்த சுமார் 1000 எலிகள். சுத்தமான கூண்டு, நல்ல காற்று, தினமும் வெயில், நல்ல தீனி. இரண்டேகால் ஆண்டுகளாக அவற்றில் நோய் என்பதே இல்லை என்று அவர் எழுதினார். பக்கத்து அறையில் அதே காற்று, அதே சுத்தம், ஆனால் மோசமான தீனி கிடைத்த எலிகளுக்குப் பலவித நோய்கள்.

வீட்டில் வளர்ப்பவர்களுக்கு

செல்லப்பிராணிக் கடையில் வெள்ளை எலி வாங்குபவர்களுக்கு இந்த வரலாறே ஒரு பாடம். மிச்சச் சோற்றை மட்டும் போட்டு வளர்க்கக் கூடாது. தானியம், பயறு, காய்கறி எல்லாம் வேண்டும். எலி கூட்டமாக வாழும் உயிர், அதனால் தனியாக ஒன்றை மட்டும் அடைத்து வைப்பது கொடுமை. ஆணும் பெண்ணும் சேர்ந்தால் குட்டிகள் பெருகிவிடும், ஒரே பாலில் இரண்டாக வாங்குவது நல்லது. பல் வளர்ந்துகொண்டே இருக்கும், கடிக்க மரத்துண்டு தேவை. எலிக்கு மனிதனைப் போல வியர்க்காது. சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் கூண்டை வைத்தால் செத்துவிடும். கூண்டைச் சுத்தமாக வைப்பது, தொட்டபின் கை கழுவுவது, வீட்டில் ஓடும் காட்டு எலிகள் கூண்டை நெருங்காமல் பார்ப்பது வளர்ப்பவரின் கடமை. இவ்வளவு செய்தாலும் அதன் ஆயுள் இரண்டு மூன்று ஆண்டுகள்தான். அந்தக் கொஞ்ச காலத்துக்குள் வளர்ப்பவரின் குரலையும் வாசனையையும் அடையாளம் கண்டுகொள்ளும்.

கோவையில் எலி செத்து விழுந்ததைக் கண்டு மக்கள் ஓடிய அதே காலத்தில், சில மணி நேரப் பயணத்தில் இருந்த குன்னூரில் ஆயிரம் எலிகள் நோயில்லாமல் வாழ்ந்தன. வித்தியாசம் எலியிடம் மட்டும் இல்லை. அது வாழ்ந்த இடத்திலும், அதற்குக் கிடைத்த உணவிலும் இருந்தது. மனிதனுக்கும் அப்படித்தானே!