தேடுபொறி
தேடு, பொறி இரண்டும் சேர்ந்த வினைத்தொகை. 'சர்ச் எஞ்சின்' என்பதற்குத் தமிழில் நிலைத்த சொல். பொறிக்குத்தான் எத்தனை பொருள்! இயந்திரம், எலி பிடிக்கும் கூண்டு, தீத்துளி, மெய் வாய் கண் மூக்கு செவி. முத்திரையும் பொறிதான்: பாண்டியர் சின்னம் கயற்பொறி. பொறித்தல் என்றால் எழுத்தைப் பதித்தல்.

மதுரை செல்லூரில் துண்டு நெய்து விற்பவரின் இணையதளத்துக்கு இந்தக் கடைசிப் பொருளே உதவும் என்பேன். கூகுள் முதலில் பார்ப்பது பக்கத்தில் பொறித்த எழுத்தை. தலைப்பில் வெறும் 'முகப்பு' என்றிருந்தால் யார் கண்ணில் படும்? 'பருத்தித் துண்டு மொத்த விற்பனை, செல்லூர், மதுரை' என, வாங்குபவர் தட்டும் சொற்களே அங்கே வேண்டும். விலைப்பட்டியலைப் படமாக மட்டும் போடாமல் எழுத்தாகவும் தரலாம். கூகுள் மேப்பில் கடையைப் பதிவு செய்வது இலவசம். அங்கும் தளத்திலும் முகவரி ஒன்றாகவே இருக்கட்டும்.